பிறந்த நாள்முதல் தாங்கிய சுவர்

என் அமுதாக்காவுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். தஞ்சாவூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில், உடற்கூறு பிரிவின் அருங்காட்சியகத்தில், ஜன்னலுக்கு எதிரே இருக்கும் அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் உன் இதயம் இருக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீ உயிரோடு இருந்தபோது ஒரு கேள்வி கேட்டாயே, அதற்குப் பதிலும் கொண்டுவந்திருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நீ போன பிறகு எனக்கு ஒரு மகள் பிறந்தாள். யாழினி என்று பேர் வைத்திருக்கிறோம். அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனால் முன்னுக்குப் பின்னாகச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். வரிசையாகவே வருகிறேன். இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடிக்கவே மூச்சு வாங்குவாயாம். நாலு வாய் குடிப்பதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்துவிடுமாம். மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டே நாற்று நட்டதாகச் சொல்வாள். அப்புறம் நாலைந்து வயதில் எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. சளி நின்றது. உடம்பில் சதை போட்டது. திருவிடைமருதூர் மகாலிங்கசாமி கண் திறந்துவிட்டார் என்று அம்மா உனக்கு மொட்டை போட்டு, ஊருக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள்.

அது குணமானதில்லை என்று அன்றைக்கு நம் தெருவில் யாருக்குத் தெரியும்?

ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் உன் உதட்டையும் நகத்தையும் பார்த்துவிட்டு அப்பாவை வரச் சொன்னார். சென்னைக்குப் போனீர்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு இதயம் வரைக்கும் கொண்டுபோய் அழுத்தம் பார்த்தார்கள். இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் பெரிய ஓட்டை. உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுகிற அழுத்தம் பிறந்ததிலிருந்து அந்த ஓட்டை வழியாக நுரையீரலிலும் போய் மோதிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மோதலைத் தாங்குவதற்காக நுரையீரலுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குழாய்கள் தடித்து இறுகிப் போய்விட்டன. ஓட்டையை இனி மூட முடியாது, மூடினால் ரத்தத்துக்குப் போக்கிடம் இல்லை என்றார்கள். நீ தேறிவந்தாய் என்று நாங்கள் பொங்கல் வைத்த அந்த நாட்களில்தான் உன் நுரையீரல் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு அதில் ஒரு சொல்தான் புரிந்தது. முடியாது.

இருபது வயதைத் தாண்டினால் பெரிது என்றார்களாம். நீ முப்பத்தெட்டு வரைக்கும் இருந்தாய். அம்மா இறந்தபோது நான் பத்தாவது. எனக்குத் தலை பின்னியது நீ. என்னைக் கல்லூரியில் சேர்த்துவிட்டதும் நீ. தபால் வழியில் விலங்கியல் படித்தாய். ஆடுதுறையில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்குச் சிட்டாவும் சாதிச் சான்றிதழும் எடுத்துக் கொடுத்தாய். நுனி உருண்டு நீலம் பாய்ந்த உன் விரல்களைப் பார்த்து யாராவது பரிதாபப்பட்டால், "மை தொட்டுட்டேன் பெரியப்பா" என்று சிரிப்பாய். மாடிப்படி மட்டும் ஏற மாட்டாய். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பாய். நிற்பது தெரியக் கூடாது என்று அங்கே இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பாய். அதனாலேயே தெருவில் எல்லோரும் உனக்குச் சிநேகிதம்.

உடல் தானத்துக்குப் பதிவு செய்ய நீ கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா? கூட வந்தது நான்தான், சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதுதான். உடற்கூறு பிரிவுப் பேராசிரியை நம் இருவரையும் உட்காரவைத்து, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டார். அப்பாவிடம் சொல்லவில்லை என்று நீ ஒளிக்காமல் சொன்னாய். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பி ஒன்று சொன்னாய்.

"மேடம், என் நெஞ்ச மட்டும் கொஞ்சம் நின்னு பாருங்க. இத்தன வருசம் எப்படித் தாங்குச்சுன்னு எனக்கே தெரியல."

ஐப்பசி மழையில் ஒரு காலை நேரம் நீ போனாய். மையத்தில், உன் நாற்காலியிலேயே. கல்லூரி வண்டி நம் தெருவுக்குள் வந்தபோது அப்பா அதன் முன்னால் நின்றுகொண்டார்.

"என் புள்ளைக்குக் கொள்ளி வைக்கக்கூட விடமாட்டியா நீ?" என்று என்னைக் கேட்டார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உன் ஆசை இது என்று சொன்னேன். அவர் ஒதுங்கி நின்றார். வண்டி போய்விட்டது. அதற்கப்புறம் என்னோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டார். என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மறு வருடம் திருவாரூரில் யாழினி பிறந்தாள். நல்ல நிறம், நல்ல எடை. நாற்பது நாள் கழிந்திருக்கும். மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் நெற்றி நனைந்திருப்பதைப் பார்த்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மார்கழி மாதம். அம்மா உன்னைப் பற்றிச் சொன்னது அப்படியே காதில் விழுந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டேன்.

ஸ்கேனில் தெரிந்தது. உனக்கு இருந்த அதே ஓட்டை. அது போதாதென்று கீழே சதைக்குள் சல்லடை போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். சென்னைக்கு அனுப்பினார்கள். இவ்வளவு சின்ன இதயத்தில் அத்தனையையும் இப்போது மூட முடியாது என்றார் அங்கிருந்த அறுவை மருத்துவர். முதலில் நுரையீரலுக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி ஒரு நாடாவைக் கட்டி அதைக் குறுக்கிவிடலாம், அழுத்தம் நுரையீரலுக்குப் போகாமல் தடுத்துவைக்கலாம், குழந்தை வளர்ந்ததும் நாடாவை எடுத்துவிட்டு ஓட்டையை மூடலாம் என்றார். தாமதிக்கக் கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

என் மாமியார் நல்ல மனுஷி. மூன்று மாதக் குழந்தையின் நெஞ்சைத் திறப்பதா என்று பதறினார். நாலைந்து வயது வரட்டும், கொஞ்சம் உடம்பு தேறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"தேறினாத்தான் பயம் அத்தை," என்றேன். "எங்க அக்காவும் தேறினா."

அவருக்கு விளக்கிச் சொன்னேன். துபாயிலிருந்த என் வீட்டுக்காரருக்கும் போனில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, நீ என்ன சொல்கிறாய் என்றார். இப்பவே என்றேன். அடுத்த விமானத்தில் வந்துவிட்டார். உன் கதை தெரியாத வீடாக இருந்தால் நாங்களும் காத்திருப்போம் அக்கா. குழந்தை தேறுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே காத்திருப்போம்.

நாடா கட்டினார்கள். மூச்சு வாங்குவது நின்றது. வயிறு நிறையப் பால் குடித்தாள். ஆனால் அவள் அழுதபோது உதடு நீலமாக மாறியது. எந்த நிறத்துக்குப் பயந்து ஓடினேனோ அந்த நிறம். உன் உதட்டின் நிறம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் பண்ணி நீலமாக்கி அனுப்பியிருக்கிறார்களே என்று கேட்டார்.

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். நுரையீரலுக்குப் போகிற வழி இறுகியதால் கெட்ட ரத்தத்தில் கொஞ்சம் ஓட்டை வழியாக நல்ல ரத்தத்தோடு கலக்கிறது. அதனால்தான் நிறம். இது கொஞ்ச காலத்துக்கு நாம் தெரிந்தே கொடுக்கிற நீலம், நுரையீரல் கெடாமல் இருப்பதற்கு விலை என்றார். புரிந்தது. புரிந்தாலும் பெற்றவளுக்குப் போதுமா? அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே நல்லது நடக்கிறதா, இல்லை உனக்கு நடந்ததுதான் நடக்கிறதா? வெளியே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நிறம்.

அந்தக் கேள்வி தாங்காமல்தான் நான் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன்.

பேராசிரியை உன்னை மறக்கவில்லை. வாசலில் நின்று திரும்பிப் பேசிய பெண் என்று சொன்னதுமே எழுந்து வந்தார். குடும்பத்தாருக்குக் காட்டுவது வழக்கம் இல்லை என்று தயங்கினார். பிறகு உள்ளே போய் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். கூட்டிப்போய் அந்த அலமாரிக்கு முன்னால் என்னை நிறுத்தினார்.

அக்கா, உன் இதயம் என் இரண்டு கைகளைச் சேர்த்தால் கொள்ளாது போல இருந்தது. பயமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். பயமில்லை. பிரசவ அறையில் குழந்தையை முதன்முதலாகப் பார்த்தபோது எப்படி வாயடைத்துப் போனேனோ அப்படி நின்றேன். மேலே இரண்டு பெரிய குழாய்கள். ஒன்று உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி. இன்னொன்று நுரையீரலுக்குப் போவது. வெட்டுவாயில் பார்க்கச் சொன்னார். இரண்டின் சுவரும் ஒரே கனம்.

"சாதாரணமா இப்படி இருக்காதும்மா," என்றார் பேராசிரியை. "நுரையீரல் குழாய் இதுல பாதி கனம்தான் இருக்கும்."

பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலில், பிறந்தவுடன் இறந்துபோன ஒரு சிசுவின் சுவர். மகாதமனியானாலும் நுரையீரல் குழாயானாலும் வித்தியாசமே தெரியவில்லை. கறுப்புச் சாயம் ஏற்றிய மீள்நார்கள், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் நார்கள், வரிசை வரிசையாக, அறுபடாமல், சீராக நெய்த பாய் போல. கர்ப்பத்தில் இரண்டு குழாய்க்கும் ஒரே அழுத்தம், அதனால் இரண்டு சுவரும் ஒன்று போலவே வளரும் என்றார். குழந்தை முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது. அதன் பக்கம் அழுத்தம் இறங்குகிறது. இனி இவ்வளவு கனம் வேண்டாம் என்று அந்தக் குழாயின் சுவர் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மெலிகிறது. நார்கள் விட்டுப்போய் அங்கங்கே துண்டு துண்டாக நிற்கின்றன. அடுத்து, ஆரோக்கியமான ஒரு பெரிய ஆளின் சுவரைக் காட்டினார். அப்படித்தான் இருந்தது.

கடைசியாக உன்னுடையது.

முப்பத்தெட்டு வயதுப் பெண்ணின் நுரையீரல் குழாயில், பிறந்த குழந்தையின் சுவர். ஒரு நார்கூட அறுபடவில்லை அக்கா. வரிசை கலையவில்லை. நீ முதல் மூச்சை இழுத்தபோது இறங்கியிருக்க வேண்டிய அழுத்தம் இறங்கவில்லை. அந்தச் சுவரும் மெலியவில்லை. மகாதமனிக்குச் சமமாக நின்று, இன்னொரு மகாதமனியாகவே இருந்து, நாளெல்லாம் ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த மோதலை வாங்கிக்கொண்டிருந்தது.

இந்த அழுத்தம் நடுவில் வந்திருந்தால் சுவர் தடிக்கும், ஆனால் நார்கள் இப்படித் திரும்பி வராது என்று சொன்னார் பேராசிரியை. "பிறந்த நாள்லேருந்து தாங்குனதுன்னு சுவரே சொல்லுது பாருங்க," என்றார்.

யார் சொல்லி அது அப்படி நின்றது என்று கேட்டேன். மூளை சொல்கிறதா? இல்லையாம். சுவருக்குள் இருக்கும் உயிரணுக்களே இழுவையை உணர்கின்றனவாம். அதிகம் இழுத்தால் நாரைக் கட்டிக் காக்கின்றன, இழுவை குறைந்தால் விட்டுவிடுகின்றன. கண்ணில்லாத, காதில்லாத ஒன்று. நாம் சாப்பிடும்போதும் சண்டை போடும்போதும் தூங்கும்போதும் அது பாரத்தை உணர்ந்து அதற்கேற்பத் தன்னை வைத்துக்கொள்கிறது. நீ சிட்டா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கே தெரியாமல் உனக்குள் இது நடந்துகொண்டிருந்தது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் அக்கா. இப்படித்தான் தாங்கியது.

ஆனால் ஒன்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நுரையீரலுக்குள் இருந்த சின்னக் குழாய்களும் இதே அறிவோடுதானே தடித்தன? பெரிய குழாய் தடித்ததால் வெடிக்காமல் இருந்தாய். சின்னக் குழாய்கள் தடித்ததால் வழி அடைபட்டு நீலமானாய். உன்னை இத்தனை வருடம் வைத்திருந்ததும் கடைசியில் கொண்டுபோனதும் ஒரே குணமா? பேராசிரியையிடம் கேட்டேன். அவர் ஆமாம் என்று மட்டும் சொன்னார்.

யாழினிக்குக் கட்டிய நாடா எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு உள்ளபடி விளங்கியது. நாடாவுக்கு அந்தப் பக்கம் அழுத்தம் குறையும். குறைந்தால் சுவர் மெலியும். பிறந்த அன்றே கிடைத்திருக்க வேண்டிய சேதியை அந்தச் சுவருக்குத் தாமதமாகவாவது கொண்டுசேர்க்கிறார்கள்.

திரும்பும் வழியில் நம் ஊரில் இறங்கினேன். அப்பா குத்தகை வயலில் நடவுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார். நான் முடித்ததும் மடையை அடைத்துவிட்டு வந்தார்.

"அப்ப ஓட்ட நெஞ்சுன்னு நாமதான் சொல்லிக்கிட்டிருந்தோமா?" என்றார். "அது பாட்டுக்குத் தாங்கிக்கிட்டு இருந்திருக்கு."

"ஆமாம்ப்பா."

அவ்வளவுதான் பேசினோம். அடுத்த வாரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திருவாரூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். யாழினியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் உதட்டைப் பார்த்தார். என்னையும் அங்கே கூட்டிட்டுப் போ என்றார்.

பேராசிரியை அவருக்கும் காட்டினார். அப்பா ஜாடியைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, பக்கவாட்டில் போய், மறுபடி நேரே வந்து, ரொம்ப நேரம் பார்த்தார். எங்கே இதோடு மறுபடி உடைந்துவிடுவாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேராசிரியையிடம் திரும்பினார்.

"படிக்கிற புள்ளைங்க இதப் பாத்துத்தான் கத்துக்குதுங்களா?"

ஒவ்வொரு வருடமும் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள் என்றார் அவர்.

"நல்லா பாக்கச் சொல்லுங்க," என்றார் அப்பா.

யாழினிக்கு இரண்டரை வயதானபோது மறுபடி சென்னைக்குப் போனோம். மூடுவதற்கு முன்னால் உனக்குச் செய்த அதே சோதனை, தொடை வழியாகக் குழாய். அழுத்தம் கூடுதலாக இருந்தால் அவளுக்கும் முடியாது என்ற அந்தச் சொல்தான். வராந்தாவில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்பு உன்னோடு இப்படி உட்கார்ந்திருந்தவர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மருத்துவர் வந்தார். நுரையீரல் பக்கம் அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறது, மூடலாம் என்றார்.

மூடலாம். அந்தச் சொல்லை நம் வீட்டில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை அக்கா. அப்பா வேறு பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நெஞ்சைத் திறந்து நாடாவை எடுத்தார்கள். நாடா இறுக்கியிருந்த இடத்தைச் சரிசெய்தார்கள். பெரிய ஓட்டையை மூடினார்கள். சல்லடை போல இருந்த சின்ன ஓட்டைகளில் பெரும்பாலானவை இதயம் வளர வளரத் தாமாகவே மூடிக்கொண்டிருந்தன. மிச்சம் இருப்பவை பொருட்படுத்த வேண்டாதவை என்றார்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்த மருத்துவர் எங்களிடம் ஒன்று சொன்னார். நாடாவுக்கு இந்தப் பக்கம், இதயத்தை ஒட்டிய சுவர் கனமாக இருந்ததாம். அந்தப் பக்கம் மெல்லியதாக, மென்மையாக இருந்ததாம். ஒரே குழாய், ஒரே குழந்தை, நடுவில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. இந்தப் பக்கத்துச் சுவர் பாரத்துக்குத் தக்கபடி நின்றிருக்கிறது. அந்தப் பக்கத்துச் சுவர் பாரம் போய்விட்டது என்று நம்பி இளகியிருக்கிறது.

அதைக் கேட்டதிலிருந்து யாழினி நெஞ்சில் காதை வைத்துப் படுப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. அவளுக்குக் கூச்சம் தாங்காமல் என் முடியைப் பிடித்து இழுக்கிறாள். உள்ளே இந்த நேரம் ஒரு சுவர் மெலிந்துகொண்டிருக்கும். யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டாம். உதடு இப்போது வெற்றிலை போட்ட மாதிரி சிவப்பு. நேற்று அத்தை சோற்றுக் கிண்ணத்தோடு துரத்த, வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். அத்தைக்குத்தான் மூச்சு வாங்கியது. வருடத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நீ இருந்து இதைப் பார்த்திருக்கக் கூடாதா? உனக்கும் முதல் வருடத்திலேயே ஒருவர் வந்து இந்த நாடாவைக் கட்டியிருக்கக் கூடாதா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு நம் தெருவிலிருந்து அந்த அறுவை மேசைக்குப் போகிற வழியே இல்லை. உன் தங்கை மகளுக்கு இருந்தது. அந்த வழியை எனக்குக் காட்டியதும் நீதான்.

ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. அமுதா பாவம், நெஞ்சில் பலமில்லாமல் பிறந்த பெண் என்று இனி என் முன்னால் யாரும் சொல்ல விடமாட்டேன். சொன்னவரை உட்காரவைத்து, நான் பார்த்ததை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் எழவிடுவேன். யாழினிக்குக் கேள்வி கேட்கிற வயது வந்ததும் அவளை அந்த அலமாரிக்கு முன்னால் தூக்கி நிறுத்துவேன். உன் பெரியம்மாவைப் பார், எவ்வளவு பலம் என்பேன்.

நீ சோறூட்டித் தலைவாரி ஆளாக்கிய
உன் தங்கச்சி,
ரேவதி